பொருள் எண் 27

கவுண்டி என்ற சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் இல்லை. மாவட்டம் என்று எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் மாவட்டம் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பவர் ஆட்சியர். மேலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர், திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு வாங்குபவர், இரண்டோ மூன்றோ ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர். நான் வாழும் கலிபோர்னியாவில் கவுண்டி என்பது முற்றிலும் வேறு. இங்குள்ள 58 கவுண்டிகளில் சான் பிரான்சிஸ்கோவை விட்டுவிட்டால், மற்றவற்றை ஆள்வது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு. மேற்பார்வையாளர் குழு என்று அதற்குப் பெயர். உள்ளூர்ச் சட்டத்தை இயற்றுவதும் அவர்களே, அதை நடைமுறைப்படுத்துவதும் அவர்களே, பணத்தைப் பங்கிடுவதும் அவர்களே. சட்டமன்றமும் அமைச்சரவையும் ஐந்தே நாற்காலிகளில் அமர்ந்துவிடுகின்றன.

வாஷிங்டனில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருக்கவே முடியாதபடி இரவு பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனின் அன்றாடத்தைத் தொடுகிற பல காரியங்கள் கவுண்டியிடம்தான் இருக்கின்றன. சிறைச்சாலை, ஏழைகளுக்கான மருத்துவம், சொத்துவரி, தேர்தல், பிறப்பு இறப்புப் பதிவு, ஊர்ப்புறச் சாலைகள், நூலகம். நான் வாழும் ஊர் நகராட்சியாகப் பதிவு பெறாத ஊர். அதாவது மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை. இப்படிப்பட்ட ஊர்கள் எல்லாமே சிறியவை என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸும் பதிவு பெறாத ஊர்தான். இத்தகைய ஊர்களுக்குக் கவுண்டியே உள்ளூர் அரசு. அது காது கொடுக்காவிட்டால் போய் நிற்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் கிடையாது.

எங்கள் ஊரில் கவுண்டியின் கிளை நூலகம் ஒன்று இருந்தது. இருந்தது என்று எழுதுவதா, இருக்கிறது என்று எழுதுவதா என்பதில்தான் என் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கட்டடம் நிற்கிறது. உள்ளே அலமாரிகள் நிற்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். கதவில் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்க வேண்டும் என்று மூடினார்கள். நியாயமான காரணம். கூரை ஒழுகத்தான் செய்தது. புனைகதைப் பகுதியில் ஒரு வாளி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சிறிய நூலகம். ஆயினும் இந்தப் பள்ளத்தாக்கில் கோடையில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் நாட்களில், குளிர்சாதன வசதி இல்லாத வீடுகளிலிருந்து முதியவர்கள் வந்து அமரும் இடம் அதுதான். தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து வீட்டுப்பாடம் செய்யும் இடமும் அதுதான். வீட்டில் இணைய இணைப்பு இல்லாத ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதும், குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பதும் அங்கேதான். இலக்கியம் பேசுகிறவர்களாகிய நாம் நூலகம் என்றதும் புத்தகத்தை நினைக்கிறோம். ஏழை ஊரில் நூலகம் என்பது முதலில் ஒரு நிழல். புத்தகம் அதன் பிறகுதான்.

மூடி ஓராண்டு ஆனதும் எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். உதவியாளர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். பழுது வேலைக்கான மதிப்பீடு பரிசீலனையில் இருக்கிறது, இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றார். ஆறு மாதம் கழித்து அழைத்தேன். அதே மரியாதை, அதே சொற்கள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் வெளியானது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். வைத்தார்கள். இணைப்புகளோடு சேர்த்து முந்நூறு பக்கத்துக்கு மேல். அதில் ‘ஒப்புதல் நிரல்’ என்ற பகுதி ஒன்று உண்டு. விவாதம் தேவைப்படாத வழக்கமான காரியங்களை ஒன்றாகக் கட்டி, ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றுவதற்கான ஏற்பாடு அது. வாகன டயர் கொள்முதல், ஊழியர் பணி ஓய்வுப் பாராட்டு, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு என்று நாற்பதுக்கு மேற்பட்ட பொருட்கள். அவற்றில் பொருள் எண் 27, ஒரு நிலத்தைக் கவுண்டியின் தேவைக்கு மிஞ்சியது என அறிவித்து, அதைக் கைமாற்றுவதற்கான பேச்சைத் தொடங்கத் தலைமை நிர்வாக அலுவலருக்கு அதிகாரம் அளிப்பது.

எந்த நிலம் என்று அதில் இருந்தது. நம் ஊர் சர்வே எண்ணைப் போன்ற நீண்ட எண் ஒன்று. நூலகம் என்ற சொல் இல்லை. ஊரின் பெயர் இல்லை. தெருவின் பெயரும் இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். நூலகத்துக்கு அடுத்த மனையில் அவருடைய வீடு. ஆண்டுதோறும் தம் சொத்துவரிச் சீட்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய எண்ணுக்கும் நிரலில் இருந்த எண்ணுக்கும் கடைசி இலக்கம் மட்டுமே வேறு. அவர் வேறு தெருவில் வீடு வாங்கியிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பதினொரு பேர் போனோம். கவுண்டித் தலைநகர் நாற்பது மைல் தொலைவு. பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். மேடைக்கு எதிரே சிறிய விளக்கு ஒன்று பச்சையாக எரியும், மஞ்சளாகும், பிறகு சிவக்கும். ஆசிரியை பேசினார். ஒப்புதல் நிரலிலிருந்து 27ஐ மட்டும் பிரித்துத் தனியே விவாதிக்குமாறு கேட்டுக்கொண்டார். தலைவர் நன்றி சொன்னார். அடுத்தவர் பேசினார். தலைவர் நன்றி சொன்னார். பதினொரு பேருக்கும் பதினொரு நன்றி. பிறகு ஒப்புதல் நிரல் முழுவதும் ஐந்துக்குச் சுழியம் என்ற கணக்கில் நிறைவேறியது. வாக்கெடுப்புக்குப் பிடித்த நேரம், எங்களில் ஒருவர் பேசிய நேரத்தைவிடக் குறைவு.

கூட்டம் முடிந்து நடைகூடத்தில் அதே உதவியாளரைச் சந்தித்தேன். இது ஏற்கெனவே முடிவான விஷயம், இன்றைக்கு நடந்தது சம்பிரதாயம்தான் என்றார். வருத்தத்துடன்தான் சொன்னார், அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் வீடு திரும்பும் நாற்பது மைலிலும் அந்த இரு வாக்கியங்களே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ‘இன்னும் முடிவாகவில்லை’, ‘ஏற்கெனவே முடிவாகிவிட்டது’. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு நாள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? முடிவு செய்யப்பட்ட நாள். அந்த நாளை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

கலிபோர்னியாவில் இதற்கெல்லாம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1952இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் இதழில் மைக் ஹாரிஸ் என்ற செய்தியாளர் பத்துப் பகுதிகளாக ஒரு தொடர் எழுதினார். உள்ளூர் மன்றங்கள் மக்களுக்குத் தெரியாமல் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு, பொதுக் கூட்டத்தில் கைதூக்குவதை மட்டும் செய்கின்றன என்பதே அதன் சாரம். அதன் விளைவாக மொடெஸ்டோ பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரௌன் கொண்டுவந்த சட்டம் 1953இல் நிறைவேறியது. ஆளுநராக இருந்த ஏர்ல் வாரன் கையெழுத்திட்டார். மக்கள் தங்கள் இறையாண்மையைத் தங்களுக்குப் பணிபுரியும் அமைப்புகளிடம் விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பது அச்சட்டத்தின் முகப்பில் உள்ள கருத்து. 1968இல் பொது ஆவணச் சட்டம் வந்தது. 2004இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாகத் தகவல் பெறும் உரிமை மாநில அரசமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அதிகாரிகள் தம் சொந்த மின்னஞ்சலிலும் கைப்பேசியிலும் அலுவல் பற்றி எழுதுபவையும் பொது ஆவணங்களே என்று 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே நாங்களும் ஆவணங்களைக் கேட்டோம். தருவார்களா இல்லையா என்பதைப் பத்து நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தேவையானால் பதினான்கு நாள் நீட்டித்துக்கொள்ளலாம். பத்தாம் நாள் நீட்டிப்புக் கடிதம் வந்தது. இருபத்து நான்காம் நாள், தரக்கூடியவை உண்டு, பகுதி பகுதியாக வரும் என்ற கடிதம் வந்தது. மேலும் இரண்டு மாதம் கழித்துப் பெருங்கட்டாக வந்தது. கூரைப் பழுதுக்கான விலைப்புள்ளிகள், பூச்சி மருந்தடித்த ரசீதுகள், கறுப்பு மையால் மறைத்த மின்னஞ்சல்கள். எந்தெந்தக் கட்டடங்களை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்பதற்கான குறிப்பு மட்டும் வரவில்லை. அது வரைவு நிலையில் உள்ள ஆவணம்; வரைவுகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

கட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பே ஒரு கூட்டத்தின் மூடிய அமர்வில் அதே எண் இடம்பெற்றிருக்கிறது. நிலத்தை விற்பது வாங்குவது தொடர்பான விலையையும் நிபந்தனையையும் பேச மூடிய அமர்வு நடத்தலாம். எந்த நிலம், யாருடன் பேச்சு என்பதை நிரலில் குறித்தால் போதும். குறித்திருந்தார்கள். வெளிப்படையாக, எல்லோரும் பார்க்கும்படி, பத்துப் பன்னிரண்டு இலக்கங்களில்.

சட்டம் எங்கும் மீறப்படவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மைக் ஹாரிஸ் காலத்தில் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். எனவே கதவைத் திறந்துவைக்கச் சட்டம் போட்டார்கள். கதவு இப்போது திறந்தே இருக்கிறது. யாரும் உள்ளே போகலாம், அமரலாம், மூன்று நிமிடம் பேசலாம், முந்நூறு பக்கத்தை எடுத்து வரலாம். ஒன்றே ஒன்றைத்தான் பெற முடியாது. ஏன் என்ற கேள்விக்கான விடை. கூரையைச் சரிசெய்வதைவிட நிலத்தை விடுவது மேல் என்று யாருக்கு, எந்தக் கணக்கைப் பார்த்துத் தோன்றியது? அது தவறான கணக்கு என்றுகூட நான் சொல்லவில்லை. கவுண்டியிடம் பணம் குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். வாசகர் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். அந்தக் கணக்கை எங்கள் முன் வைத்திருந்தால் ஒருவேளை நாங்களே ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். ஒப்புக்கொள்ளும் வாய்ப்பைக்கூட எங்களுக்குத் தரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

*

மொழியே திரையாகிவிடுவதால் என்ன நேரும் என்பதற்கு அலபாமா மாநிலத்து ஜெஃபர்சன் கவுண்டி ஓர் உதாரணம். கழிவுநீர் கஹாபா ஆற்றில் கலக்கிறது என்று வழக்கு நடந்து, 1996இல் சாக்கடை அமைப்பைச் சீர்செய்யக் கவுண்டி ஒப்புக்கொண்டது. அதற்காகக் கடன் பத்திரங்கள். பிறகு 2002, 2003 வாக்கில் அந்தக் கடனையே மாறும் வட்டிக்கும் ஏல வட்டிக்கும் மாற்றி, அதன்மேல் வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களையும் அடுக்கினார்கள். எல்லாம் பொதுக் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேறியவைதான். 2008இன் நிதி நெருக்கடியில் அந்த அடுக்கு சரிந்தது. 2011 நவம்பரில் 400 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுடன் கவுண்டி திவால் மனு கொடுத்தது; 2013இல் டெட்ராய்ட் நகரம் அதை மிஞ்சும் வரை அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுவே மிகப் பெரிய திவால்.

அங்கே கையூட்டும் இருந்தது. கவுண்டி ஆணையத்தின் தலைவராக இருந்து பின்னர் பர்மிங்ஹாம் மேயரான லேரி லாங்ஃபோர்ட், பத்திர வணிகத்தைக் கைகாட்டியதற்காகப் பணமும் விலையுயர்ந்த உடைகளும் கைக்கடிகாரங்களும் பெற்ற வழக்கில் 2009இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆனால் கைக்கடிகாரத்தைப் புரிந்துகொள்வது எளிது. அதனால்தான் எல்லோருக்கும் அது நினைவிருக்கிறது. வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தம் என்றால் என்ன என்று சாக்கடைக் கட்டணம் கட்டுகிற ஒருவருக்குப் புரியும்படி அந்த அவையில் யாரும் சொல்லவில்லை. பல மடங்கு உயர்ந்த கட்டணத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தான். திருட்டைச் சட்டத்தால் பிடிக்க முடிந்தது. விளங்காமையைப் பிடிக்கச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் ராபர்ட் சிட்ரன் என்பவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவூலராக இருந்தார். பள்ளிகள், நகரங்கள், நீர் வாரியங்கள் ஆகியவற்றின் பணம் சுமார் 750 கோடி டாலர் அவர் கையில் இருந்தது. அதை அடகுவைத்து மேலும் கடன் வாங்கி, சுமார் 2000 கோடி டாலர் முதலீடாகப் பெருக்கியிருந்தார். வட்டி விகிதம் உயராது என்ற நம்பிக்கையில் செய்த காரியம். 1994 பிப்ரவரியிலிருந்து வட்டி உயரத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜான் மூர்லாக் என்ற கணக்காளர், இது ஆபத்து, இது சரியும் என்று வெளிப்படையாகவே சொன்னார். மக்கள் சிட்ரனைத்தான் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. இழப்பு 160 கோடி டாலருக்கு மேல். வட்டி எப்படிப் போகும் என்று அறியக் கருவூலர் ஜோதிடரின் கணிப்பையும் நாடியிருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. நம் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் கவுண்டி வெட்டிய செலவுகள் பெரிதும் ஏழைகளுக்கான சேவைகளின்மேல்தான் விழுந்தன.

அங்கே உண்மை மறைக்கப்படவில்லை. ஒருவர் உரக்கச் சொன்னார். கேட்க ஆளில்லை. மேற்பார்வையாளர்களும் கேட்கவில்லை, மக்களும் கேட்கவில்லை. நல்ல வட்டி வந்துகொண்டிருந்தது. வருகிற வட்டியை ஏன் என்று யார் கேட்பார்கள்?

அதே 1994இல், ஆரஞ்ச் கவுண்டி திவாலாவதற்கு நான்கு நாள் முன்பு, டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற சிற்றூரில் ஒரு கூட்டம் நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு நடத்திய முதல் பொது விசாரணை அது. அரசு வேலைகளுக்கான வருகைப் பதிவேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் ஊரார் முன்னிலையில் வாய்விட்டுப் படித்தார்கள். அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தம் பெயரும் அண்டை வீட்டார் பெயரும் வாசிக்கப்படக் கேட்டார்கள். செய்யாத வேலையும் கட்டாத கட்டடமும் கணக்கில் இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரே வாரத்தில் நடந்த இவ்விரண்டையும் நான் அடிக்கடி சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். உலகின் மிகச் செல்வந்தமான கவுண்டி ஒன்றில் எல்லாத் தாள்களும் இருந்தும் யாரும் படிக்கவில்லை. தாளைக் கண்ணால் கண்டிராத ஓர் ஊரில் அது வாய்விட்டுப் படிக்கப்பட்டது. வெளிப்படைத்தன்மை என்று நாம் சொல்வது இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. தாளை மேசைமேல் வைப்பதல்ல. ஊர் காதில் விழும்படி படிப்பது.

*

முன்பு அந்த வேலையைச் செய்தவர்கள் செய்தியாளர்கள். எங்கள் கவுண்டி அவையில் பின்வரிசையில் செய்தியாளர்களுக்கென ஒரு மேசை இன்னும் இருக்கிறது. நான் போன நாட்களில் அதில் யாரும் அமர்ந்திருக்கவில்லை. குடைகளையும் கைப்பைகளையும் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றில் உள்ளூர்ச் செய்தி தரும் ஊடகம் ஒன்றுகூட இல்லை என்கிறது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அண்மைய ஆய்வு. உள்ளூர் நாளிதழ் மூடப்பட்டால் அந்தக் கவுண்டி வாங்கும் கடனுக்கு வட்டி உயர்கிறது என்று நிதித்துறைப் பேராசிரியர்கள் மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. கவனிப்பார் இல்லாத இடத்துக்குக் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்கிறார். நமக்குத் தெரியாத உண்மை கடன்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

கவனிப்பார் இல்லாமைக்கு ஊரின் சிறுமையைக் காரணம் காட்டவும் முடியாது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு திருத்தத்தை ஏற்றார்கள். மேற்பார்வையாளர்களை ஐந்திலிருந்து ஒன்பதாக்குவது, தலைமை நிர்வாகியை மக்களே தேர்ந்தெடுப்பது ஆகியவை அதில் அடக்கம். அரசைத் திறந்ததாக்கும் சீர்திருத்தம் என்று சொல்லப்பட்டது. எட்டு மாதம் கழித்து, 2025 ஜூலையில், முன்னாள் நகர மன்ற உறுப்பினர் ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். சமூக நலப் பணிகளுக்குக் குறிப்பிட்ட பங்கு ஒதுக்க வேண்டும் என்று 2020இல் வாக்காளர்கள் நிறைவேற்றியிருந்த திருத்தத்தை இந்தப் புதிய திருத்தம் கவனக்குறைவாக அழித்துவிட்டது. பழைய திருத்தத்தைச் சாசனத்தில் சேர்த்து எழுத வேண்டியவர்கள் சேர்க்கவில்லை. அது இல்லாத படியின்மேல் புதியதை எழுதினார்கள். அத்தனை வழக்கறிஞர்கள், அத்தனை அலுவலர்கள், அத்தனை லட்சம் வாக்காளர்கள். படித்துப் பார்த்தவர் ஒருவர்.

எங்கள் ஊரிலும் இப்போது படிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேவாலயத்தின் பின்கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். வெள்ளிக்கிழமை வெளியாகும் நிரலைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியாக்குகிறோம். ஆசிரியையின் பேத்தி அதை ஸ்பானிய மொழியில் எழுதுகிறாள். கவுண்டிக்குச் சொந்தமான நிலங்களின் எண்களுக்கு எதிரே அவற்றின் உண்மைப் பெயர்களைக் குறித்து ஒரு பட்டியல் செய்திருக்கிறோம். இந்த எண் மருந்தகம், இந்த எண் தீயணைப்பு நிலையம், இந்த எண் பழைய இடுகாடு. துணி வெளுக்கும் நிலையத்திலும் ரொட்டிக் கடையிலும் அந்தத் தாளை ஒட்டுகிறோம். பெரும்பாலான வாரங்களில் டயர் கொள்முதலைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. டயர் கொள்முதல் என்றே எழுதி ஒட்டுகிறோம்.

இதனால் நூலகம் திரும்ப வந்துவிடவில்லை. நிலத்தைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். யாருடன் என்பது எங்களுக்குத் தெரியாது. சென்ற கோடையில் முதியவர்கள் ரொட்டிக் கடையின் முன்னறையில் அமர்ந்திருந்தார்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டி செய்ய வேண்டியதை ஒரு ரொட்டிக் கடை செய்துகொண்டிருக்கிறது. அதற்கு எந்த நிரலிலும் பொருள் எண் இல்லை.

கோபம் தணிந்துவிட்டதா என்றால் இல்லை. அதன் வடிவம் மாறியிருக்கிறது. அந்த ஐவரும் கொடியவர்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்களில் இருவர் எளிமையானவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் காரணம் சொல்லாமல் ஆளும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. காரணம் கேட்காமல் வாழும் பழக்கம் நெடுங்காலமாக இங்கே இருந்ததால் வந்த பழக்கம் அது. சட்டப்படி எல்லாவற்றையும் செய்துவிட்ட ஒருவரிடம் இன்னும் என்ன பாக்கி என்று கேட்டால் அவருக்கு உண்மையிலேயே புரியாது.

பாக்கி என்ன என்று நான் சொல்ல வேண்டுமானால், ஒரு தேதி. எங்கள் நூலகம் இனி வேண்டியதில்லை என்று முடிவான நாள் எது, அன்று அறையில் இருந்தவர்கள் யார், யார் என்ன சொன்னார்கள். இல்லாத ஒரு நாளில் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து எந்த மன்றத்திலும் முறையிட முடியாது. அதற்காக வருந்தக்கூட முடியாது. இறந்துபோனவருக்கும் ஒரு நாள் குறித்து நினைவுகூரும் மரபில் வந்தவன் நான். தேதி தெரியாத ஒன்றுக்கு எந்த நாளில் விளக்கேற்றுவது?